ஆகஸ்டில் மலை ஏற எங்கே போகலாம்? மட்டக்களப்பில் இருந்து இரண்டு நாள்

களுதாவளைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் நடுவில் எட்டுப் பேர் ஒரு வேன் பிடித்து இரண்டு நாளைக்கு மலைநாட்டுப் பக்கம் போகப் பார்க்கிறோம். இங்கே கச்சான் காற்று அடித்து ஆளை வதக்குகிறது, எங்கேயாவது குளிரில் நடந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பொடியன்கள் ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிற அந்த மலை விளிம்பை நினைத்து "உலக முடிவு, உலக முடிவு" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். எங்கள் ஒருத்தருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை, கல்லடிப் பாலத்தை விட உயரமாக ஏறியவர் இந்தக் கூட்டத்தில் யாருமில்லை. மாமா ஒருத்தரும் வருகிறார், அறுபதை நெருங்குகிறார், முழங்கால் நோ வேறு. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதா, நக்கிள்ஸ் போவதா, இல்லை குடும்பிமலை மாதிரிக் கிட்டடியில் ஏதாவது ஏறிவிட்டு வீட்டுக்கு வருவதா? அட்டை கடிக்கும் என்று அம்மா இப்போதே பயமுறுத்துகிறா, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பசறை வாத்தி:

தம்பி, நான் ஊரால் மட்டக்களப்பு, வேலையால் கனகாலம் பசறைப் பக்கம். முதலில் மாதத்தைப் பாருங்கள், இடத்தைப் பிறகு பார்க்கலாம். நம்முடைய ஆட்கள் பிழைக்கிற இடம் இதுதான், நமக்கு மாரி மார்கழி என்றால் நாடு முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் காற்று. அது கொண்டுவருகிற மழையை ஹற்றன், நோர்வுட், நுவரெலியாவின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி வறண்டு, கீழே இறங்க இறங்கச் சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. உங்களை இப்போது வதக்குகிற கச்சான் அதுதான். அதனால் ஆகஸ்டில் உலக முடிவுக்குப் போனால் கன நாளில் தூறலும் மூடுபனியும் ஆளைத் தள்ளுகிற காற்றும்தான். சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர், விளிம்பில் இருந்து கீழே ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம் என்பார்கள், ஆனால் நீங்கள் போகிற நாளில் வெள்ளைச் சீலையைத் தொங்கவிட்டது போலத்தான் இருக்கும். அதை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் விடிய ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும், ஒன்பது பத்து மணிக்குப் பள்ளத்தில் இருந்து மூடுபனி ஏறிவிடும்.

ஆகஸ்டுக்கு ஊவாப் பக்கம்தான் சரி. பதுளை, பசறை, எல்ல, அப்புத்தளை எல்லாம் மலையின் நமது பக்கம், அந்த மாதம் காய்ந்து கிடக்கும். நமக்கு வழியும் லேசு: செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியைப் பிடித்தால் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று நேரே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மார்கழியில் இதே ரோட்டில் வர வேண்டாம், வாடைக்காற்று மழை முழுக்க இந்தச் சரிவில்தான் விழும், மண்சரிவு எச்சரிக்கை வராத வருசம் குறைவு.

சம்மாந்துறை நானா:

வாத்தியார் சொல்வது சரிதான், ஆனா எல்லாரும் ஏன் மேலேயே பார்க்கிறீங்க? முதல் தரம் ஏறுகிற ஆட்களுக்கு அம்பாறைப் பக்கமே போதும். மகாஓயா ரோட்டில் இராஜகல இருக்கு. காட்டுக்குள்ளால் ஏறினால் பாறைக்குப் பாறை பழைய பௌத்த மடங்களின் இடிபாடு, கற்குகை, தூபி, பிராமிக் கல்வெட்டு. மகிந்த தேரரின் பெயரும் இத்திய தேரரின் பெயரும் சேர்ந்து வருகிற கல்வெட்டு அங்கேதான். ஏற்றம் பெரிதாக இல்லை, நிழலும் உண்டு.

கொஞ்சம் துணிந்த ஆட்கள் என்றால் கோவிந்தஹெல. அம்பாறையில் இருந்து சியம்பலாண்டுவ போகிற பக்கம் தனியாக எழும்பி நிற்கிற பாறை, 558 மீற்றர், வெள்ளைக்காரன் அதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்திருந்தான். 13ஆம் நூற்றாண்டில் கலிங்கத்து மாகனின் படை நாட்டைப் பிடித்தபோது புவனேகபாகு என்ற சிங்களத் தலைவன் அதன் மேல் கோட்டை கட்டி இருந்தான் என்பது வரலாறு. கடைசிப் பகுதி செங்குத்து, தலை சுற்றுகிற ஆட்கள் வேண்டாம். ஆகஸ்டில் ஒன்பது மணிக்கே கல் சுடத் தொடங்கும், அதனால் விடியச் சாமம் அடிவாரத்தில் நில்லுங்க, ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் கட்டாயம். இன்னொன்று, இந்த மாதிரிப் பாறைகளில் பெரிய தேனீக்கூடு தொங்கும். கத்துறது, கல் எறியறது, மேலெல்லாம் சென்ட் அடிச்சுட்டுப் போறது, ஒன்றும் வேண்டாம்.

கிரான்காரன்:

குடும்பிமலை கேட்டீர்களே. நான் பக்கத்து ஆள், எனக்குப் பிடித்த இடம், ஆனாலும் மலை ஏறவென்று எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். தரவைப் பக்கம் போகிற வழியெல்லாம் யானை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எங்கள் மாட்டுப்பட்டிக்காரர்களே அவதானமாகத்தான் நடமாடுவார்கள். 2007இல் கிழக்கில் சண்டை முடிந்த இடம் என்பதும் நினைவில் இருக்கட்டும், கண்ட கண்ட பாதையில் இறங்கக் கூடாது, ஊர் ஆள் ஒருத்தர் கூட இருக்க வேண்டும். மாரியில் கேட்கவே தேவையில்லை, கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டில் வெள்ளம் ஏறினால் போக்குவரத்துத் தோணியில்தான். ஆகஸ்டில் வந்தால் காலையில் வந்து, தூரத்தில் நின்று மலையைப் பார்த்து, பட்டியில் தயிர் வாங்கிக்கொண்டு போங்கள். அதுவே ஒரு நல்ல பயணம்.

களுதாவளைப் பொடியன்:

நன்றி சேர், நன்றி நானா, நன்றி அண்ணன். பொடியன்களுக்கு வாசித்துக் காட்டினேன், உலக முடிவு கட்சி பாதியாகக் குறைந்துவிட்டது. சரி, பதுளைப் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் எதை நடப்பது? மாமாவை என்ன செய்வது? அட்டைக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

மலர் செங்கலடி:

அட்டைக்கு நான் சொல்கிறேன் தம்பி. ஆகஸ்டில் ஊவாப் பக்கத்துப் புல்வெளியில் அட்டை பெரிதாக இராது, ஈரக் காட்டுக்குள், ஓடைக்கரையில்தான். அது சப்பாத்துக் கயிறு போகிற துளைக்குள்ளாலேயே நூல் மாதிரி மெலிந்து உள்ளே போகும், கடிக்கும்போது தெரியவே தெரியாது, சொக்ஸ் நனைந்த பிறகுதான் பார்ப்பீர்கள். காற்சட்டைக் காலை நீளச் சொக்ஸுக்குள் விட்டு, அதற்கு மேல் சவர்க்காரம் நன்றாகத் தேயுங்கள். கடித்தால் பிடுங்க வேண்டாம், உப்போ சவர்க்காரத் தண்ணீரோ பட்டால் தானே விழும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சாமானை உள்ளே விடுகிறது, அதனால்தான் கன நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும், அம்மாவிடம் சொல்லுங்கள்.

நடக்கிற விசயத்தில் என் கருத்து வேறு. எல்லாரும் எல்லப் பாறைக்கு ஓடுகிறார்கள். தண்டவாளத்தால் நடந்து, பிறகு வயலுக்குள்ளால் ஏறினால் எந்தச் சந்தியிலும் ஒருத்தர் நின்று "இந்தப் பக்கம்" என்று கூட்டிப்போய்க் கடைசியில் காசு கேட்பார். சின்னச் சிவனொளிபாதம் 1141 மீற்றர், படிகள் உண்டு, ஒரு மணித்தியாலத்தில் ஏறிவிடலாம், ஆனால் சனம் என்றால் சனம். அதைவிடத் தோட்டப் பாதையில் நடவுங்கள். பீகோ ட்ரெயில் என்று கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பழைய தேயிலைத் தோட்ட ரோட்டுகள்தான். ஒரு பகுதியை மட்டும் எடுத்து நடக்கலாம். வெளிநாட்டுக்காரர் போனில் வழி பார்த்து முழிக்கிற இடத்தில் நமக்குப் பிரச்சினை இல்லை, கொழுந்து பறிக்கிற அக்காமாரிடம் தமிழில் கேட்டால் எந்தப் பாதை மாட்டுப் பாதை, எது லயத்துக்குப் போகிறது, எங்கே குளவி கட்டியிருக்கிறது என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். குளவி விசயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்கள் அதனால் செத்தே இருக்கிறார்கள்.

பசறை வாத்தி:

தங்கச்சி சொன்னதை வழிமொழிகிறேன். தம்பி, இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் பதுளையில் துன்ஹிந்த அருவி, 64 மீற்றர், வாசலில் இருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் மாதிரி நடை. கால் பழகும். இரவு அப்புத்தளையில் தங்குங்கள். இரண்டாம் நாள் விடிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து லிப்டன் சீற்றுக்கு ஏழு கிலோமீற்றர், முழுக்கத் தேயிலைக்குள்ளால் தார் ரோடு. மாமாவை ஓட்டோவில் ஏற்றி விடுங்கள், அவர் மேலே பிளேன்டீ குடித்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இறங்கும்போதும் ஓட்டோதான். ஏறும்போது வாங்குவது மூச்சு, முழங்காலுக்கு வினை இறங்கும்போதுதான், இது பலருக்குத் தெரியாது.

மடுல்சீமைப் பக்கம் சின்ன உலக முடிவு என்று ஒன்று இருக்கிறது, பொடியன்கள் கேள்விப்பட்டால் அங்கே போகச் சொல்வார்கள். காட்சி அருமை, பிபிலைப் பக்கத்துச் சமவெளி எல்லாம் கால் அடியில் தெரியும். ஆனால் விளிம்பில் படம் எடுக்கப் போய் விழுந்து உயிர் போன செய்திகள் வந்திருக்கின்றன, மழைக்காற்றில் கூடாரம் அடிக்கவே வேண்டாம்.

குளிர் உடுப்பு ஆளுக்கு ஒன்று எடுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும், கச்சானில் இருந்து நேரே போகிற உடம்புக்கு அப்புத்தளைக் காற்று சும்மா விடாது. அப்புறம், திரும்பி வரும்போது லுணுகலை இறக்கத்தில் டிரைவரை பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் சின்னக் கியரில் இறக்கச் சொல்லுங்கள், எட்டுப் பேரும் சாமானும் ஏறின வேன்.