இன்ஜின் வேலை பார்த்த எஸ்டீமுக்கு எந்த ஆயில் பம்ப் போடுவது?

திருமங்கலம் எஸ்டீம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2003 மாடல் மாருதி எஸ்டீம் ஒன்று இருக்கிறது. பதினாறு வால்வு, 1298 சிசி, கம்பெனியிலிருந்து வரும்போது 85 குதிரைத்திறன். தை மாதம் இன்ஜினை முழுவதும் இறக்கி, அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போரிங் செய்து, கிராங்கைக் கால் மில்லி அரைத்து, கேமையும் வேறு அளவுக்கு அரைத்திருக்கிறோம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகவே கட்டுகிற வண்டி என்பதால், நிமிடத்துக்கு 7200 சுற்று வரை தயங்காமல் போக வேண்டும்.

இப்போது ஆயில் பம்பில் வந்து வேலை நிற்கிறது. புதிய ஒரிஜினல் பம்பே போதும் என்கிறார் ஒருவர். பழைய பம்பிலேயே, மிஞ்சிய பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தால் பிரஷர் ஏறிவிடும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவரோ பம்புக்குள் சுற்றி எண்ணெயைத் தள்ளும் ரோட்டரின் கனத்தைக் கூட்டி, அதற்கேற்ப பம்ப் கூட்டையும் கடைந்து தருகிறேன் என்று விலையே சொல்லிவிட்டார். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு பிரஷர் வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி எனக்குச் சதுர அங்குலத்துக்கு எழுபது பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ வர வேண்டும்.

முன்பு ஓரிடத்தில் இதே இன்ஜினுக்கு வேலை பார்த்தபோது, பம்பைப் பிரிக்காமலேயே துடைத்து மாட்டிவிட்டார்கள். நாலாயிரம் கிலோமீட்டரில் மூன்றாவது கனெக்டிங் ராடு பேரிங் இடம்விட்டுச் சுற்றிவிட்டது. அந்த அனுபவத்தால்தான் இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

புதூர் பட்டறை எழுதியது:

தம்பி, பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் பேரிங்குகளின் இடுக்கு வழியாக வெளியேற எவ்வளவு சிரமப்படுகிறதோ, அதுதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. இடுக்கு அகலமாக இருந்தால் எந்தப் பம்பைப் போட்டாலும் முள் சாய்ந்துதான் நிற்கும். ஆகவே பம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், கிராங்கை அரைத்த பிறகு மெயின் பேரிங்கில் எத்தனை பாயிண்ட் கிளியரன்ஸ், அதாவது இடுக்கு, வந்திருக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள். சுசுகியின் இந்த ஜி13 வரிசைக்கு மெயினில் 0.020 முதல் 0.040 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், 0.060 என்பது கடைசி எல்லை. கனெக்டிங் ராடில் 0.020 முதல் 0.050 வரை, எல்லை 0.080. லேத்காரர் "எல்லாம் கரெக்ட்டாக இருக்கிறது" என்று சொல்வதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் லேத்காரன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அடுத்து வாஷர் விஷயம். ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் ஒரு வரம்பைத் தாண்டினால் திறந்துகொள்ளும் வழி, அவ்வளவுதான். மே மாத வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது முள் கீழே கிடக்கிறதென்றால், அந்த நேரத்தில் வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடியிருக்கும் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? வாஷர் வைத்தால் மேல் சுற்றில் மட்டுமே முள் ஏறும். காலையில் எண்ணெய் ஆறிக் கெட்டியாக இருக்கும்போது தேவைக்கு மேல் அழுத்தம் கிளம்பி, ஃபில்டரின் ரப்பர் வளையத்தைப் பிதுக்கித் தள்ளிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பம்பைத் தூக்கி எறிவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். இந்த இன்ஜினில் பம்ப் டைமிங் பெல்ட் பக்கம் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள் இருக்கும். வெளி ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.31 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிறகு கூட்டின் முகத்தில் ஸ்டீல் அடிகோலைக் குறுக்கே வைத்து, ரோட்டர் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள், அது 0.15-ஐத் தாண்டினால் அந்தப் பம்பின் ஆயுள் முடிந்தது. மூடித் தகட்டின் உட்பக்கத்தில் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். வட்டமாக ஓடும் கோட்டில் நகம் சிக்கினால், எண்ணெய் பம்புக்குள்ளேயே திரும்பி ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பெரிய கிளியரன்ஸ் விட்டுக் கட்டும் அமெரிக்க வி8 இன்ஜின்களில் இருந்து வந்த பேச்சு. நம்முடைய சிறிய இன்ஜினில் எண்ணெய் சூடான பிறகு நாலாயிரம் சுற்றில் மூன்று கிலோவுக்கு மேல் நிலையாக நின்றால் போதுமானது.

கப்பலூரான் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுவதாக இருந்தால் பம்பைவிட, இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்தான் முதல் கவலையாக இருக்க வேண்டும். என்னுடைய பழைய மாருதி ஜென் காரை அங்கே ஓட்டியபோது, நேர் சாலையில் நான்கு கிலோ காட்டிய கேஜ், நீளமான வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒன்றரைக்கு விழுந்து, நிமிர்ந்ததும் மறுபடி ஏறியது. பம்பில் குறை எதுவும் இல்லை. எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியதால், சம்பில் இருந்து பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னர் காற்றைக் குடித்திருக்கிறது. சம்புக்குள் ஸ்ட்ரெய்னரைச் சுற்றித் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் அந்த ஆட்டம் நின்றது. இப்படிப்பட்ட சம்பில் கனம் கூட்டிய ரோட்டரைப் போட்டால், இருக்கிற எண்ணெயையும் அது சீக்கிரம் மேலே அனுப்பிவிடும். தலைப் பகுதியில் இருந்து வழிந்து இறங்குவதற்குள் அடியில் வறண்டுபோகும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகளுக்குக் குறைவே கிடையாது. அவற்றில் இடித்துச் சம்பின் அடி உள்ளே நசுங்கியிருந்தால், ஸ்ட்ரெய்னரின் வாய் பாதி அடைபட்டுவிடும். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை ஓர் உருண்டையாகப் பிடித்து ஸ்ட்ரெய்னர் வாயில் ஒட்டி, பேக்கிங் வைத்துச் சம்பை மாட்டிக் கழற்றுங்கள். களிமண் எவ்வளவு கனத்துக்கு அமுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்பில் சேரும் இடத்து ஓ-ரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். பத்து ரூபாய்ச் சாமான் என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது இறுகிப்போனால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே ஏறும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆட்டோமொபைல் வாத்தியார் எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். கொள்ளளவு கூடிய பம்ப் எப்போதுமே வீண் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. டர்போ, பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட், நீண்ட குழாயுடன் ஆயில் கூலர் ஆகியவற்றைப் புதிதாகச் சேர்த்தாலோ, வேண்டுமென்றே கிளியரன்ஸைக் கூட்டிக் கட்டினாலோ, எண்ணெயின் தேவை உண்மையிலேயே கூடுகிறது. அங்கே பெரிய பம்புக்கு நியாயம் உண்டு. கேள்வி கேட்டவரின் இன்ஜினில் இவற்றில் ஒன்றும் இல்லை. தேவைக்கு மிஞ்சித் தள்ளிய எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பத்தான் போகிறது. அதைச் சுழற்றுவதற்கு இன்ஜினின் சக்தி செலவாவதோடு, எண்ணெயும் வீணாகச் சூடேறுகிறது. மேலும் இந்தப் பம்ப் கிராங்கின் அதே வேகத்தில் சுற்றுவதால், 7200 சுற்றில் உறிஞ்சும் பக்கம் எண்ணெய் நிரம்ப நேரம் போதாமல் குமிழிகள் உண்டாகலாம். ரோட்டரின் கனத்தைக் கூட்டிவிட்டு உறிஞ்சும் வழியை மட்டும் பழைய அளவிலேயே விட்டால் இந்தத் தொல்லை கூடும்.

உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் ரோட்டர்கள் அதிர்வைத் தாங்காமல் உடைவதும் உண்டு. ஃபோர்டின் 5.0 லிட்டர் கொயோட்டி இன்ஜினில் சூப்பர்சார்ஜர் வைத்து ஓட்டுகிறவர்கள், திட உருக்கில் கடைந்த ரோட்டருக்கு மாறுவது இந்தக் காரணத்தால்தான். உங்கள் அளவு வேலைக்கு அது தேவைப்படாது. ஆனால் உள்ளூரில் கடைந்த ரோட்டரின் பல் வளைவு நூலிழை பிசகினாலும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், அந்த மூன்றாவது யோசனையைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருமங்கலம் எஸ்டீம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மெயின் கிளியரன்ஸ் நான்கு இடத்தில் 0.035-க்குள் இருந்தது, ஒன்றில் மட்டும் 0.048. எல்லைக்குள்தான் என்றாலும் மனம் ஒப்பாததால், பேரிங் ஷெல்லை மட்டும் வேறு ஜோடி மாற்றிப் பார்த்து 0.038-க்குக் கொண்டுவந்தோம். பழைய பம்பில் ரோட்டர் 0.17 தாழ்ந்திருந்தது, மூடித் தகட்டில் நகம் நன்றாகவே சிக்கியது. ஓ-ரிங்கைக் குழாயில் இருந்து எடுத்தபோது வளையவில்லை, வளையல் துண்டு போல இரண்டாக ஒடிந்தது. சென்ற முறை பேரிங் போனதற்குக் காரணம் தேடி நான் அலைந்ததெல்லாம் வீண், அது இங்கேயே இருந்திருக்கிறது.

புதிய ஒரிஜினல் பம்பையே வாங்கி, அதையும் பிரித்து அளந்து, ரோட்டர்களுக்கு நடுவே வாசலினை நிரப்பி மாட்டினோம். சம்பில் தடுப்புத் தகடும், டாஷ்போர்டில் தனி ஆயில் பிரஷர் கேஜும் வைத்தாகிவிட்டது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றியபோது, மூன்றாவது முறையில் முள் அசைந்தது. நேற்று திருமங்கலத்தில் இருந்து விருதுநகர் வரை போய்த் திரும்பினேன். எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 1.2 கிலோ, நாலாயிரம் சுற்றில் 3.7. ஓடப் பழகும் வரை ஐயாயிரத்தைத் தாண்டுவதாக இல்லை.

10டபிள்யூ-40 எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். பந்தயத்துக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 மாற்ற வேண்டுமா?

புதூர் பட்டறை எழுதியது:

இந்தக் கிளியரன்ஸுக்கு 40 போதும் தம்பி. முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் ஏதாவது மின்னினால் வண்டியை எடுக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.