வீட்டு வலையமைப்பில் டொமைன் பெயர்கள்: கைபேசியில் மட்டும் சிக்கல்

வணக்கம். 192.168.1.20 முகவரியிலுள்ள சிறு சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), ஜெல்லிஃபின் (படம், இசை சர்வர்) ஆகியவற்றை டாக்கரில் (செயலிகளைத் தனித்தனியே இயக்கும் மென்பொருள்) நிறுவி, போர்ட் எண்களை நினைவில் வைக்காமல் பெயராலேயே திறப்பதற்காக, கேடி என்னும் மென்பொருளை ரிவர்ஸ் பிராக்சியாகவும் (பெயரைப் பார்த்துக் கோரிக்கையை உரிய சேவைக்கு அனுப்புவது) பை-ஹோல் என்னும் மென்பொருளை டிஎன்எஸ் சர்வராகவும் (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்வது) அமைத்திருக்கிறேன். டாட் லோக்கல் என்னும் பின்னொட்டு எம்டிஎன்எஸ்ஸுக்கு (டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டறியும் முறை) உரியது என்பதால், வீட்டு வலையமைப்புகளுக்கென 2018இல் ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்ப்பாவின் கீழ் பெயர்களை வைத்துள்ளேன்.

மடிக்கணினியில் எல்லாம் திறக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியிலோ அதே பெயர் ஒருசமயம் கிடைக்கிறது, மறுசமயம் கிடைப்பதில்லை; ஐபியையும் போர்ட்டையும் நேரடியாக இட்டால் உடனே பதில் வருகிறது. பிரைவேட் டிஎன்எஸ்ஸை (டிஎன்எஸ் வினாக்களை மறையாக்கி அனுப்பும் ஆண்ட்ராய்டு வசதி) அணைத்துவிட்டேன். டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரியையும் டிஎன்எஸ் விவரத்தையும் வழங்கும் முறை) வழியே பை-ஹோலை மட்டுமே அறிவிக்கிறேன். ரவுட்டர் தன் ஐபிவி6 (ஐபியின் புதிய பதிப்பு) முகவரியையும் டிஎன்எஸ்ஸாக அறிவிப்பதே காரணம் என்று ஐயுறுகிறேன். அதை நிறுத்தும் வசதி அதன் அமைப்புப் பக்கத்தில் இல்லை. ஐபிவி6ஐ அடியோடு முடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அறிவிப்பை மட்டும் மாற்ற வழி உண்டா?

இன்னொன்று: ஹோம்.ஆர்ப்பாவுக்குப் உலாவிகள் தாமாகவே நம்பும் பொதுச் சான்றிதழ் கிடைக்காது என்பதால், கேடி தானே வழங்கும் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ரூட் சான்றிதழை ஒவ்வொரு கருவியிலும் நிறுவ வேண்டியிருக்கிறது, அது பெரும் தொல்லை. சொந்த டொமைன் ஒன்றை வாங்கி, டிஎன்எஸ்-01 முறையில் (டிஎன்எஸ் பதிவு மூலம் டொமைன் தம்முடையது என நிரூபிப்பது) லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சேவையிடம் வைல்ட்கார்டு சான்றிதழ் (டொமைனின் துணைப்பெயர்களுக்கெல்லாம் பொதுவானது) பெற்று, பெயர்களை உள்ளேயே தீர்த்துக்கொள்வோர் தங்கள் அமைப்பை விளக்கினால் நன்றியுடையவனாவேன்.