செலக்டிவ் சர்வீஸ்ல பேரே குடுக்கல, இப்ப வயசு 30. ஃபெடரல் வேலை அவ்வளவுதானா?

கொள்ளிடத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு நாளா தூக்கம் இல்ல அதான் இங்க கேக்கறேன். நான் பொறந்தது நியூஜெர்சில, அப்பா அப்ப ஒரு ப்ராஜெக்ட்ல வந்திருந்தார். எனக்கு நாலு வயசு ஆகறதுக்குள்ள திருச்சிக்கே திரும்பிட்டோம். ஸ்கூல், காலேஜ், அஞ்சு வருஷ வேலை எல்லாமே அங்கதான், ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசனா இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கறது) வெச்சிட்டு. 27 வயசுல யுஎஸ் பாஸ்போர்ட்டோட இங்க வந்து மாஸ்டர்ஸ் முடிச்சேன். இப்ப 30. போன வாரம் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) ஏஜென்சில இருந்து டென்டேட்டிவ் ஆஃபர், அதாவது இன்னும் முடிவாகாத ஆஃபர் வந்துச்சு, வீட்ல பாயசம் எல்லாம் வெச்சாச்சு.

ஆஃபரோட ஓஎஃப்-306னு ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. அதுல ஏழாவது கேள்வி, நீங்க 1959 டிசம்பர் 31க்கு அப்புறம் பொறந்த ஆணா, ஆமான்னா செலக்டிவ் சர்வீஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிருக்கீங்களான்னு. சத்தியமா அந்த பேரையே அன்னைக்குத்தான் முதல்தடவை பாக்கறேன். தேடிப் பாத்தா, அவசரம்னா ராணுவத்துக்கு ஆள் எடுக்கறதுக்காக 18 வயசான ஆண்கள் அமெரிக்க அரசுகிட்ட பேர் பதிஞ்சு வெக்கற லிஸ்ட்டாம். சரி இப்ப பண்ணிடலாம்னு சைட்டுக்கு போனா 26 வயசு தாண்டினவங்களை எடுத்துக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. இன்னும் கொஞ்சம் தேடினா 5 வருஷம் ஜெயில், 2,50,000 டாலர் ஃபைன்னு வருது. அம்மாகிட்ட சொன்னேன், "உன்னை பட்டாளத்துக்கு கூப்பிட்டிருக்காங்களாடா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

என் கேள்வி ஒண்ணுதான், நோன்னு போட்டா ஆஃபர் போயிடுமா? இந்த வேலை மட்டும் போகுமா, இல்ல இனி ஃபெடரல் பக்கமே தலைவெச்சு படுக்க முடியாதா?

சும்மா_ஒருத்தன்:
ப்ரோ யெஸ் போட்டுட்டு போயிட்டே இருங்க. டிராஃப்ட் (ராணுவத்துக்கு கட்டாயமா ஆள் எடுக்கறது) 1973லயே முடிஞ்சு போச்சு, இதெல்லாம் சும்மா பேப்பருக்கு. யாரு உக்காந்து செக் பண்ண போறா.

பழைய_ஜிஎஸ்:
தம்பி, மேல சொன்ன அட்வைஸை மட்டும் கேட்டுடாதீங்க. அது செக் பண்றதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. செலக்டிவ் சர்வீஸ் சைட்லயே வெரிஃபை பண்ற பக்கம் இருக்கு, கடைசிப் பேர், சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பொறந்த தேதி போட்டா ரெக்கார்ட் இருக்கா இல்லையான்னு சொல்லிடும். எச்ஆர்ல இருக்கறவங்களும் அதைத்தான் பாப்பாங்க. நீங்க பேர் குடுக்காததுக்கு மன்னிப்பு கிடைக்க வழி இருக்கு, ஃபார்ம்ல பொய் எழுதி கையெழுத்து போட்டதுக்கு கிடையாது. வேலைல சேந்து பத்து வருஷம் கழிச்சு தெரிய வந்தாலும் அதை வெச்சே வெளிய அனுப்பலாம், அது தனியா ஒரு குற்றமும் கூட.

நான் ஃபெடரல்ல இருபது வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவன், வக்கீல் இல்ல. தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல அந்த ஜெயில் பயத்தை விடுங்க. ராணுவத்துக்கு ஆள் எடுக்கறது 1973ல நின்னுது, 1975ல பேர் பதியறதும் நின்னு போச்சு, அப்புறம் சோவியத் ஆஃப்கானிஸ்தான்ல நுழைஞ்சதும் 1980ல கார்ட்டர் திரும்ப கொண்டுவந்தார், அதனாலதான் 1960லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்கன்னு அந்தக் கணக்கு. எண்பதுகள்ல கொஞ்ச பேர் மேல கேஸ் போட்டாங்க, 1986க்கு அப்புறம் இதுக்காக யார் மேலயும் புதுசா கேஸ் போடல. சட்டப் புத்தகத்துல இருக்கு, நடைமுறைல இல்ல.

ஆனா வேலை விஷயம் அப்படி இல்ல. 1985ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, பதிய வேண்டியவங்க பதியலன்னா ஃபெடரல் எக்ஸிக்யூடிவ் ஏஜென்சி எதுலயும் வேலை கிடையாதுன்னு. இதுல வயசு தாண்டினா சரியாயிடும்ங்கற பேச்சே இல்ல, 30ல கேட்டாலும் 50ல கேட்டாலும் அதே கேள்விதான். ஐஆர்எஸ்ல (ஃபெடரல் வரித் துறை) பல வருஷம் நல்லா வேலை பாத்துட்டு இருந்த எல்ஜின்னு ஒருத்தர், பதியலன்னு பின்னாடி தெரிய வந்து வேலை போச்சு, ஆம்பளைங்களுக்கு மட்டும் இந்த சட்டம் நியாயமான்னு கோர்ட்டுக்கு போனார், 2012ல சுப்ரீம் கோர்ட் அந்த நியாயத்துக்குள்ளயே போகல, முதல்ல அரசு ஊழியர் அப்பீல் போர்டுக்கு போங்க, நேரா கோர்ட்டுக்கு வராதீங்கன்னு 6க்கு 3ல சொல்லிட்டாங்க. அதனால கோர்ட் பாத்துக்கும்னு நம்பி இறங்காதீங்க.

இப்ப உங்க கதைக்கு வர்றேன். 26 தாண்டினவங்களுக்கு அந்த சட்டத்துல மொத்த விஷயமும் ரெண்டு வார்த்தைல நிக்குது, தெரிஞ்சே, வேணும்னே. தெரிஞ்சே வேணும்னே பதியாம விட்டவனுக்குத்தான் தடை. தெரியாம விட்டவன் அதை நிரூபிக்கணும், நிரூபிக்கற பொறுப்பு உங்களோடது, அவங்களோடது இல்ல. அதுவும் சந்தேகத்துக்கு இடமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல, ரெண்டு பக்கமும் தட்டுல வெச்சா உங்க பக்கம் கொஞ்சம் சாஞ்சா போதும். நாலு வயசுல போனவன், 18ல இருந்து 26 வரைக்கும் இந்த மண்ணுல காலே வைக்கலன்னா இதைவிட நல்ல கேஸ் என்ன வேணும் உங்களுக்கு?

ஒண்ணு மட்டும் தப்பா புரிஞ்சுக்காதீங்க, வெளிநாட்ல வளந்ததால நமக்கு இது பொருந்தாதுன்னு எழுதிடாதீங்க. சிட்டிசன் எந்த நாட்ல இருந்தாலும் பதியணும், அதுதான் ரூல். பதிய வேண்டியவன்தான், எனக்கு தெரியாதுன்னு எழுதுங்க. ரெண்டும் வேற வேற.

ஹெச்4_பையன்:
அண்ணா நான் இதே குழில விழுந்து எழுந்தவன், என் கதையை சொல்றேன். 15 வயசுல ஹெச்4ல (ஹெச்1 வேலை விசால இருக்கறவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) வந்தேன். 12வது படிக்கும்போது கூட படிச்ச பசங்க எல்லாம் இந்த கார்டை ஃபில் பண்ணிட்டு இருந்தாங்க, ஸ்கூல்ல கேட்டேன், நீ விசால இருக்க உனக்கு தேவையில்லன்னு சொன்னாங்க, அது கரெக்ட்தான், விசா ஸ்டேட்டஸ் ஒழுங்கா இருக்கறவங்க பதிய வேண்டாம். அந்த "உனக்கு தேவையில்ல" அப்படியே மண்டைல உக்காந்துடுச்சு. 23ல கிரீன் கார்டு வந்துச்சு, வந்த 30 நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணும், எனக்கு ஸ்ட்ரைக்கே ஆகல.

28ல சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 போடும்போதுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்து நின்னுச்சு. செலக்டிவ் சர்வீஸ்கிட்ட ஸ்டேட்டஸ் இன்ஃபர்மேஷன் லெட்டர்னு ஒண்ணு, அதாவது நீ பதிய வேண்டியவனா, பதிஞ்சிருக்கியான்னு சொல்ற லெட்டர் கேட்டு வாங்கணும். அவங்க சைட்ல ஃபார்ம் இருக்கு, அதை ஃபில் பண்ணி ப்ரூஃப் எல்லாம் காப்பி எடுத்து அனுப்பணும். ஒரிஜினல் அனுப்பிடாதீங்க! எனக்கு வந்த பதில்ல ஒரு வரி வயித்தை கலக்கிடுச்சு, உனக்கு நாங்க ரிமைண்டர் லெட்டர் அனுப்பிருக்கோம்னு ஒரு அட்ரஸ் போட்டு. அந்த அபார்ட்மென்ட்டை நான் அதுக்கு நாலு மாசம் முன்னாடியே காலி பண்ணிட்டேன். அதை காட்டறதுக்கு பழைய லீஸ், புது லீஸ், கரன்ட் பில், கடைசில ரூம்மேட் கையெழுத்து போட்டு குடுத்த ஒரு ஸ்டேட்மென்ட் வரைக்கும் தேடி எடுத்தேன். அதோட நான் எழுதின ஒரு பக்க விளக்கம், அவ்வளவுதான். இன்டர்வ்யூல ஆபீசர் ரெண்டு தடவை படிச்சார், லெட்டர் கைக்கு வந்துதான்னு கேட்டார், இல்லன்னேன், அடுத்த கேள்விக்கு போயிட்டார். என்-400 போடறவங்க கவனிக்க, 26ல இருந்து 31 வரைக்கும்தான் இது பெரிய தலைவலி, அஞ்சு வருஷ நடத்தையைத்தான் பாக்கறாங்கங்கறதால 31 தாண்டினா பொதுவா இதை வெச்சு தடுக்க மாட்டாங்க. ஃபெடரல் வேலைக்கு அந்த சலுகை இல்ல, ஜிஎஸ் சார் சொன்ன மாதிரி.

கொள்ளிடத்துக்காரன் அண்ணா, உங்களுக்கு இங்க அட்ரஸே இல்ல, அதனால ரிமைண்டர் போயிருக்க வாய்ப்பே கம்மி. அது உங்களுக்கு பெரிய ப்ளஸ்.

கிளியரன்ஸ்_கந்தசாமி:
இன்னொண்ணு சேத்துக்கறேன். சிலர் ஃபெடரல் வேண்டாம் கான்ட்ராக்டர் கம்பெனில சேந்துக்கலாம்னு சொல்வாங்க. அந்த 1985 சட்டம் கான்ட்ராக்டருக்கு நேரடியா இல்லதான், ஆனா செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியத்தை பாக்கற அனுமதி) வேணும்னா எஸ்எஃப்-86னு ஃபார்ம் ஃபில் பண்ணணும், அதுல 14வது பகுதி இதே கேள்விதான். சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும். சாதாரண பிரைவேட் கம்பெனி எதுலயும் இதை கேக்க மாட்டாங்க, நான் வேலை பாத்த நாலு இடத்துல ஒருத்தர் கேட்டதில்ல. ஸ்டேட் வேலைன்னா அந்தந்த ஸ்டேட் ரூலை பாருங்க, சில ஸ்டேட்ல கேப்பாங்க.

அப்புறம் எல்லாரும் முதல்ல அந்த வெரிஃபை பக்கத்துல ஒரு தடவை பேர் போட்டு பாத்துடுங்க. என் மச்சான் நான் பதியவே இல்லன்னு ஒரு மாசம் புலம்பிட்டு இருந்தான், கடைசில பாத்தா 19 வயசுல டிரைவிங் லைசென்ஸ் எடுத்தப்பவே பதிவாகி இருக்கு. பல ஸ்டேட்ல லைசென்ஸ் ஃபார்ம்லயே அது சேந்து போயிடும்.

ரெண்டு_பசங்க_அம்மா:
இதை படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. என் பையனுக்கு வர்ற மாசம் 18, நாங்க ஹெச்1, அவன் ஹெச்4, கிரீன் கார்டு எப்ப வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும். இப்பவே போட்டு வெச்சிடட்டுமா? பொண்ணு 20, இங்கயே பொறந்தவ, அவளும் பண்ணணுமா? பதியலன்னா காலேஜ் எய்ட் (படிப்புக்கு அரசு உதவிப் பணம்) கிடையாதுன்னு வேற யாரோ சொன்னாங்க.

பழைய_ஜிஎஸ்:
பொண்ணுக்கு வேண்டாம்மா, ஆண்களுக்கு மட்டும்தான். அது சரியான்னு 1981லயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் சரின்னு சொல்லிட்டாங்க. காலேஜ் எய்ட் பழைய கதை, 2020 கடைசில போட்ட சட்டத்துல அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க, இப்ப அந்த எய்ட் கேக்கற ஃபாஃப்சா ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்ல. பையன் ஹெச்4ல இருக்கற வரைக்கும் தேவையில்ல, ஆனா 26க்குள்ள கிரீன் கார்டு கைக்கு வந்தா அந்த வாரமே உக்கார வெச்சு பதிய வைங்க. அதுவரைக்கும் விசா பேப்பர், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு), ஸ்டேட்டஸ் மாத்தின அப்ரூவல் நோட்டீஸ் எதையும் தூக்கி போடாதீங்க. பின்னாடி எந்த வயசுல எந்த ஸ்டேட்டஸ்ல இருந்தான்னு காட்ட அதுதான் சாட்சி.

கொள்ளிடத்துக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, முக்கியமா ஜிஎஸ் சாருக்கு. நேத்து நைட் நோன்னு போட்டு அனுப்பிட்டேன். காரணத்தை 16வது கட்டத்துல எழுத சொல்லிருந்தாங்க, அதுல சார் சொன்ன மாதிரியே, பதிய வேண்டியவன்தான், 18ல இருந்து 26 வரைக்கும் இந்தியாலதான் இருந்தேன், இப்படி ஒண்ணு இருக்கறதே இந்த ஃபார்மை பாக்கற வரைக்கும் தெரியாதுன்னு எழுதினேன். எச்ஆர்ல இருந்து இன்னைக்கு கால் பண்ணாங்க, ரொம்ப சாதாரணமா பேசினாங்க, ஸ்டேட்டஸ் லெட்டரும் விளக்கமும் ஆதாரமும் குடுங்க, அதை வெச்சு முடிவு பண்ணுவோம், அதுவரைக்கும் ஃபைனல் ஆஃபரை நிறுத்தி வெச்சிருப்போம்னாங்க. லெட்டருக்கு ரிக்வெஸ்ட் இன்னைக்கே போஸ்ட் பண்ணிட்டேன். ஆதாரம் என்னென்ன வெக்கலாம் சார்? பாஸ்போர்ட்ல அந்த எட்டு வருஷமும் ஒரு சீல் கூட இல்ல, வெறும் பக்கம்தான் இருக்கு.

பழைய_ஜிஎஸ்:
அந்த வெறும் பக்கம்தான் உங்க முதல் ஆதாரம், எல்லா பக்கத்தையும் காப்பி எடுங்க, காலியா இருக்கேன்னு விடாதீங்க. காலேஜ் மார்க் ஷீட், டிகிரி, ஊர்ல வேலை பாத்த கம்பெனியோட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ஃபார்ம் 16. வருஷம் விடுபடாம 18ல இருந்து 26 வரைக்கும் வரிசையா அடுக்குங்க. அப்பா அம்மா ஒரு அஃபிடவிட் குடுத்தா நல்லது, எங்களுக்கும் தெரியாது, அவன்கிட்ட நாங்க சொன்னதே இல்லன்னு. விளக்கம் ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். மூணு பக்கம் எழுதினா எதையோ மறைக்கற மாதிரி இருக்கும். பணம் முடிஞ்சா அனுப்பறதுக்கு முன்னாடி ஃபெடரல் எம்ப்ளாய்மென்ட் வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் காட்டிடுங்க.

கொள்ளிடத்துக்காரன்:
சரி சார். அம்மாகிட்ட சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்ப சொன்னேன், நைட்டு முழுக்க வாட்ஸ்அப்ல வந்துட்டே இருக்கு. 18ல இருந்து 26 வரைக்கும் போதும்மான்னு எவ்வளவு சொல்லியும் கேக்கல, கடைசியா வந்தது மூணாங்கிளாஸ்ல கையெழுத்துப் போட்டிக்கு வாங்கின ஆறுதல் பரிசு. கேட்டா, "இருக்கட்டும்டா, நீ இங்கதான் இருந்தன்னு தெரியட்டும்"ங்கறாங்க.

சும்மா_ஒருத்தன்:
அதையும் வெச்சு அனுப்புங்க ப்ரோ. முதல்ல நான் சொன்னதை மறந்துடுங்க.