சீனியருக்கு முதல் மெசேஜிலேயே சி.வி. அனுப்பலாமா? – சுங்கை சிப்புட் இளையோர் திரி

கிராணிமகன்:
நம் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நேற்று ஒரு தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "இன்வெஸ்ட்மெண்ட் பேங்கில் இன்டர்வியூ வேண்டுமா? லிங்க்டினில் நம் ஆட்கள் யார் அங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். முதல் மெசேஜிலேயே சி.வி.யை இணைத்து ரெஃபரல், அதாவது உள்ளே இருப்பவரின் பரிந்துரை, கேளுங்கள். கூச்சப்படுவதுதான் தோட்டத்துப் பிள்ளைகளின் நோய்." இதுதான் அவர் சொன்னது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நான் கோலாலம்பூரில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பக்கம் பல வருஷமாக இருப்பவன். இந்த மாதிரி மெசேஜ் எனக்கே வருகிறது. "டியர் சார்" என்று தொடங்கி, என் பெயர்கூட இல்லாமல், அடியில் ஒரு பிடிஎஃப். நான் திறப்பதில்லை. என் பக்கத்து மேசைக்காரரும் திறப்பதில்லை. இது திமிர் இல்லை. ஒருவருக்கு ரெஃபரல் போட்டால் என் பெயரும் அவரோடு உள்ளே போகிறது. "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் நான் என்ன எழுதுவது? "பிடிஎஃப் வந்தது" என்றா?

முதல் மெசேஜில் சி.வி. கூடாது. நீ யார், எந்த ஊர், என்ன படிக்கிறாய், என் வேலையில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு கால் மணி நேரம் போனில் பேசலாமா. ஐந்து வரி போதும். பேசிப் பிடித்திருந்தால் "சி.வி. அனுப்பு" என்று நானே கேட்பேன்.

நேர்வழி:
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. குழுவிலேயே திட்டியிருக்கலாம், இங்கே வந்து ஒளிந்து திட்ட வேண்டியதில்லை.

கால் மணி நேரப் பேச்சு உங்களுக்கு வசதி. எனக்குப் பகலில் வகுப்பு, மாலையில் ஈப்போவில் கடை வேலை, இரவில் பஸ். ஒவ்வொரு சீனியரோடும் "சாப்பிட்டீர்களா, ஊர் எப்படி" என்று பேசிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வர நேரம் இல்லை. சி.வி.யைத் திறந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். சி.ஜி.பி.ஏ. மதிப்பெண் இருக்கிறது, இன்டர்ன்ஷிப் இருக்கிறது, சி.எஃப்.ஏ. நிதித் தேர்வின் முதல் நிலைக்குப் படிப்பதும் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது?

2024-இல் புர்சா பங்குச்சந்தையில் 55 கம்பெனிகள் புதிதாகப் பட்டியலாகின. ஒவ்வொன்றுக்கும் முதலீட்டாளர்களுக்கான ப்ராஸ்பெக்டஸ் எழுத பேங்கில் ஆள் வேண்டாமா? அந்த வேலைக்குப் பணக்காரப் பங்சார் பையனுக்கு அவன் அப்பாவே ரெஃபரல். எனக்குப் பிடிஎஃப் மட்டும்தான். அதையும் அனுப்பாதே என்கிறீர்கள்.

கிராணிமகன்:
55-ஐ மனப்பாடம் செய்தவர் அதில் 40 சிறு கம்பெனிகளுக்கான ஏஸ் சந்தையில் என்பதையும் சொல்லியிருக்கலாம். அந்த வேலையைச் செய்யும் குழுக்கள் சிறியவை. ஒரு டீலில் நாலைந்து பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போது "இவனோடு இரவு இரண்டு மணிக்கு உட்கார முடியுமா" என்றுதான் பார்ப்பார்கள். அது சி.வி.யில் தெரியாது தம்பி. பேசினால் தெரியும்.

முதல் மெசேஜில் சி.வி. கூடாது.

பால்மரம்48:
இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். கேபல், அதாவது ஆள் செல்வாக்கு. நேரே கேட்டால் ஒருவன் கேபல், நாசூக்காகக் கேட்டால் இன்னொருவன் கேபல். நான் எஸ்டிபிஎம் தேர்வு முடித்து அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன். யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. தகுதி இருந்தால் கூப்பிடுவார்கள்.

நேர்வழி:
ஐயா, உங்கள் காலத்தில் ஒரு வேலைக்கு எத்தனை பேர் எழுதிப் போட்டார்கள்? இன்று ஆன்லைன் படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதைப் படிக்க மனிதனே இல்லை. சி.ஜி.பி.ஏ.யை வைத்துக் கணினியே பாதிப் பேரைக் கழித்துவிடுகிறது. அந்தக் குவியலிலிருந்து என் பெயரை ஒருவர் எடுத்து மேலே வைக்க வேண்டும். அதற்குப் பெயர் கேபல் என்றால் இருக்கட்டும்.

செம்பனை_அக்கா:
நான் ஹெச்.ஆரில் இருக்கிறேன். பேங்க் இல்லை, தொழிற்சாலை. ஆனாலும் ரெஃபரல் முறை பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று: பல கம்பெனிகளில் உள்ளே இருப்பவர் முதலில் ரெஃபரலைப் பதிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். முந்திக்கொண்டு ஆன்லைனில் அனுப்பிவிட்டால் அந்த ரெஃபரல் கணக்கிலேயே வராது. சி.வி. முதல் மெசேஜிலா மூன்றாவதிலா என்பதைவிட இது முக்கியம். முதலில் அந்த வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ரெஃபர் செய்த ஆள் தேர்வானால் ஊழியருக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. சீனியர் செய்வது முழுக்கத் தர்மம் என்று நினைத்து நடுங்க வேண்டாம்.

நேர்வழி:
அக்கா சொன்னது கேட்டதா அண்ணே? பணம். அப்போது சி.வி.யை முதலிலேயே அனுப்பினால் உங்களுக்குத்தானே லாபம்?

கிராணிமகன்:
அக்கா வரிசையைப் பற்றிச் சொன்னார். நீ பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டாய். இதைத்தான் சொல்கிறேன், உனக்குக் கேட்கும் பொறுமை இல்லை.

சரி, ஒரு கேள்வி. நான் போனில் எல்லோரிடமும் கேட்பது. தேய்மானம் 10 வெள்ளி (ரிங்கிட்) கூடுகிறது. கம்பெனி வரி 24 விழுக்காடு. லாப நட்டக் கணக்கு, பணப்புழக்கம், ஐந்தொகை என்ற மூன்று அறிக்கையிலும் என்ன மாறும்? புத்தகம் பார்க்காமல் சொல்.

கம்பார்_மாணவி:
அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு சீனியர் ரெஃபரல் போட்டுவிட்டார். இப்போது வீடியோ இன்டர்வியூ என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. அதில் எதிரே யார் இருப்பார்கள்?

நேர்வழி:
வரிக்கு முன் லாபம் 10 குறையும். வரி 2.40 குறையும். ஆக நிகர லாபம் 7.60 குறையும். பணப்புழக்க அறிக்கையில் தேய்மானம் 10 திரும்பக் கூடும், அதனால் கையிருப்பு 2.40 ஏறும். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் இயந்திரம் 10 இறக்கம், பணம் 2.40 ஏற்றம், மொத்தம் 7.60 இறக்கம். மறுபக்கம் தக்கவைத்த லாபம் அதே 7.60 இறக்கம். பஸ்ஸில் நின்றுகொண்டே தட்டுகிறேன். போதுமா? என் சி.வி.யைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்பட்டிருக்காது.

கிராணிமகன்:
விடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இதை எப்படித் தெரிந்துகொண்டேன்? பேசி. சி.வி. பார்த்தா? பேசி. நீயே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டாய்.

நேர்வழி:
அடடா. நான் சரியாகச் சொன்னாலும் நீங்கள் ஜெயிக்கிறீர்கள், தப்பாகச் சொன்னாலும் நீங்கள் ஜெயிக்கிறீர்கள். கிராணி வீட்டு நியாயம்.

லயத்துவீடு:
கிராணி வீட்டு நியாயம் என்றதும் எனக்கும் பேச வருகிறது. இந்தக் கிராணிமகனின் அப்பா எங்கள் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சற்றுப் பிந்தி வந்தால் எங்கள் அம்மாவுக்கு அரை நாள் சம்பளம். "முறைப்படி வா, முதலில் என்னிடம் சொல்" என்பார். மகன் இன்று கோலாலம்பூரில் உட்கார்ந்து அதையேதான் சொல்கிறார். முறைப்படி வா, முதலில் பேசு, நான் சொன்ன பிறகு சி.வி. கொடு. புத்தகம் மாறியிருக்கிறது, எழுதுகிற கை மாறவில்லை.

கிராணிமகன்:
என் அப்பாவை இழுக்க வேண்டாம். அவர் எழுதிய செக்ரோல் துரை சொன்னபடி எழுதியது. அதே கையால் லயத்துப் (தொழிலாளர் குடியிருப்புப்) பிள்ளைகளுக்கு எத்தனை எஸ்பிஎம் தேர்வுப் பாரம் நிரப்பிக் கொடுத்தார் என்பது உங்கள் வீட்டுக்கே தெரியும். நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

வேண்டுமானால் நம் ஊர் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளியிடம் வாங்கித் தோட்டங்களையே வாங்கியது சங்கம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் ஜனங்களிடம் பேசினார். வீட்டில் உட்கார்ந்து பாரம் அனுப்பவில்லை. நம்பிக்கை வந்த பிறகுதான் பத்து வெள்ளி வந்தது.

பால்மரம்48:
சம்பந்தனை உங்கள் சி.வி. சண்டைக்குள் இழுப்பதற்கு உங்களுக்கு என்ன யோக்கியதை? நான் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். என் தந்தை பால் வெட்டிச் சேர்த்த காசு அது. அவர் எங்களிடம் ரெஃபரல் கேட்கவா வந்தார்?

நேர்வழி:
ஐயா சொல்வது சரி. அதோடு சம்பந்தன் தேடி வந்தார். கோலாலம்பூர் சீனியர்கள் எவராவது சுங்கை சிப்புட்டுக்குத் தேடி வந்து "தம்பி, உனக்கு இந்த வேலை தெரியுமா" என்று கேட்டதுண்டா? தைப்பூசத்துக்கு வருவீர்கள், காரை நிறுத்த இடம் இல்லை என்று கத்துவீர்கள், போய்விடுவீர்கள். உங்களைத் தேடி நாங்கள் வந்தால் மட்டும் ஐந்து வரி, கால் மணி நேரம், மரியாதை.

கிராணிமகன்:
தேடி வரவில்லையா? இரண்டு வருஷத்துக்கு முன் நம் பள்ளி மண்டபத்தில் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்கு நானே செலவு செய்து வந்தேன். முன்வரிசை முழுக்கப் பிரமுகர்கள். மாணவர்கள் பின்னால் நின்றார்கள். பேச எனக்குக் கிடைத்தது கடைசி நேரம், மைக்கைப் பிடுங்காத குறை. யார் ஏற்பாடு என்று நான் சொல்லப் போவதில்லை. லயத்துவீட்டுக்குத் தெரியும்.

லயத்துவீடு:
தெரியும். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். நீங்கள் தாமதமாக வந்தீர்கள். அதனால்தான் கடைசி நேரம்.

கிராணிமகன்:
ஹைவேயில் விபத்து. குழுத் தலைவருக்கு மெசேஜ் அனுப்பினேன்.

லயத்துவீடு:
அரை நாள் சம்பளம் என்று எழுதிக்கொள்ளலாமா?

செம்பனை_அக்கா:
கம்பார் தங்கை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் எதிரே யாரும் இருக்கமாட்டார்கள்மா. திரையில் கேள்வி வரும், யோசிக்கச் சிறிது நேரம் கொடுத்துவிட்டுப் பதிவு தானாகத் தொடங்கிவிடும். கேமராவைப் பார்த்துப் பேசு, திரையில் தெரியும் உன் முகத்தைப் பார்க்காதே. "ஏன் இந்தத் துறை, ஏன் இந்த பேங்க்" இரண்டுக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. ரெஃபரல் அந்த லிங்க் வரைதான் கொண்டுவந்துவிடும். வீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தால் ஈப்போவுக்கு வா, என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது.

கம்பார்_மாணவி:
மிக்க நன்றி அக்கா. தனியாக மெசேஜ் அனுப்புகிறேன்.

கிராணிமகன்:
தங்கை, ஒன்று கேட்கிறேன். உங்கள் சீனியருக்கு முதல் மெசேஜில் சி.வி. அனுப்பினீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

கம்பார்_மாணவி:
அவர் என் பெரியம்மா மகன் அண்ணா.

பால்மரம்48:
நான் முதலிலேயே சொன்னேன்.

நேர்வழி:
ஐயா, அந்தப் பெண்ணைக் குத்தாதீர்கள். பெரியம்மா மகனாக இருந்தாலும் வீடியோவில் பதில் சொல்லப் போவது அவள்தான். எனக்குப் பெரியம்மா மகன் யாரும் அங்கே இல்லை. அதனால் நான் அனுப்பிக்கொண்டேதான் இருப்பேன். இன்றைக்கும் மூன்று பேருக்கு அனுப்பினேன். சி.வி.யோடு.

கிராணிமகன்:
அனுப்பு. ஒருவராவது பதில் போட்டாரா என்று அடுத்த வாரம் வந்து சொல். முதல் மெசேஜில் சி.வி. கூடாது. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

கிராணிமகன்:
அப்புறம் லயத்துவீட்டுக்கு. என் அப்பா உங்கள் அம்மாவுக்கு அரை நாள் போட்டார் என்று பொதுவில் எழுதியதை நீக்க வேண்டும். அவர் உயிரோடு இல்லை, பதில் சொல்லமாட்டார். நான் சொல்வேன்.

லயத்துவீடு:
நீக்கமாட்டேன். என் அம்மா உயிரோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவரிடமே கேளுங்கள்.

கிராணிமகன்:
ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன். வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.