பர்ப்பிள் ரெயின் படத்துல வர்ற கிளப் நிஜமா?

கேள்வி: நேத்து நைட் பர்ப்பிள் ரெயின் (1984) பாத்தேன், ஹீரோவா நடிச்ச பாடகர் பிரின்ஸ் மேடை ஏறினாலே புல்லரிக்குது, அந்த நைட் கிளப் செட்டா இல்ல நிஜ இடமா, யாருக்காச்சும் தெரியுமா?

பதில் 1: நிஜம்தான் நண்பா. அமெரிக்காவுல மினியாபொலிஸ் ஊர்ல இருக்குற ஃபர்ஸ்ட் அவென்யூங்கிற கிளப், முன்னாடி கிரேஹவுண்ட் பஸ் ஸ்டாண்டா இருந்த கட்டடம். டைட்டில் பாட்டோட அடிப்படை ரெக்கார்டிங்கே 1983 ஆகஸ்ட் 3 அன்னைக்கு அங்க லைவ்வா எடுத்ததுதான், கிட்டார் வாசிச்ச வெண்டி மெல்வாயினுக்கு அப்ப 19 வயசு, பிரின்ஸோட பேண்ட்ல சேர்ந்து அவங்க வாசிச்ச முதல் கச்சேரி அதான்!

பதில் 2: கதை கொஞ்சம் வீக். ஆனா படத்துல பேண்ட்ல இருக்குற வெண்டியும் லிசாவும் குடுத்த ட்யூன ஹீரோ கண்டுக்கவே மாட்டான்ல, கடைசில அதையே மேடையில வாசிக்கிறப்ப எனக்கு எப்பவும் கண்ணு கலங்கிடும். படத்தோட பாட்டுகளுக்கு ஆஸ்கரும் கெடச்சுது.

கேட்டவர்: ரொம்ப நன்றி, லைவ்வுன்னு தெரிஞ்சதும் திரும்ப போட்டு கேட்டுட்டு இருக்கேன்.