அதற்கும் அடுத்த ஓய்விடம் எங்கே?

நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது, எங்கே எரிபொருள் நிரப்புவது, சுத்தமான கழிப்பறை எங்கே கிடைக்கும் என்பன பற்றி நண்பர்கள் பகிர்ந்துவரும் அனுபவங்களைப் படித்தேன். பெரும்பாலானவற்றில், தேவை கழுத்தைப் பிடித்த பிறகுதான் தேடல் தொடங்கியிருக்கிறது. குடும்பத்தோடு நெடுந்தூரம் காரோட்டிப் போவதை வழக்கமாகக் கொண்டவன் என்ற முறையில், நான் விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓய்விடத்தின் வாசலை நெருங்கும்போது, அடுத்தது எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பது போதாது. அது மூடிக் கிடந்தால் அதற்கும் அடுத்ததுவரை டேங்க் தாங்குமா, ஓட்டுபவரின் கண் தாங்குமா, பின்இருக்கையில் இருக்கும் பெரியவர்கள் தாங்குவார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்றுக்காவது உறுதியான பதில் இல்லையென்றால் நான் அங்கேயே உள்ளே திரும்பிவிடுவேன்.

ஒரு முறை, மேப்பில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பதாகக் காட்டிய ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் இருட்டிய பிறகு நுழைந்தோம். சாலையோரப் பெயர்ப்பலகையில் விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பம்புகளின் குழாய்முனைகள் எல்லாம் பிளாஸ்டிக் பைகளால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. பைகளின் மடிப்புகளில் படிந்திருந்த புழுதியே, அவை கட்டப்பட்டு வெகுநாள் ஆயிற்று என்று சொல்லியது. கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. எங்கள் வண்டியில் பாதி டேங்குக்கு மேல் இருந்ததால் எங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் எங்களுக்கு முன்பே அங்கு வந்து நின்றிருந்த ஒரு குடும்பத்தின் காரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. குழந்தைகள் இருவர் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தனர். ஏசியை அணைத்துவிட்டு, வேகத்தை மட்டாக வைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வரும்படி அவர்களிடம் சொன்னோம். அடுத்த பங்க் வரை கண்ணாடியில் அவர்களுடைய முகப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நல்லவேளையாக அங்கு வெளிச்சமும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். அதன்பின், மேப் காட்டும் திறப்பு நேரத்தை மட்டும் நம்பாமல், அந்த இடத்தைப் பற்றி மற்றவர்கள் கடைசியாக எப்போது கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று தேதியையும் பார்த்துக்கொள்கிறேன். சிக்னல் கிடைக்காத பகுதிகள் வரும் என்பதால், வழித்தடம் முழுவதற்குமான மேப்பைப் புறப்படும் முன்பே ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடுவதும் பழக்கமாகிவிட்டது.

இடைவெளிகள் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு உலகின் சில சாலைகளே சான்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐ-70 சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே சுமார் 170 கிலோமீட்டருக்கு எந்தச் சேவையும் கிடையாது. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால், டெட்ஹார்ஸ் வரையிலான ஏறத்தாழ 385 கிலோமீட்டரில் பங்க் என்று ஒன்றுமே இல்லை. நாம் போகும் சாலை இவ்வளவு வெறிச்சோடியதாக இருக்காது என்றாலும், கடைசிச் சேவை என்று அறிவிக்கும் பலகை எங்கே வைக்கப்பட்டிருந்தாலும் அதற்கு மதிப்புக் கொடுப்பதே முறை.

ஒவ்வொரு நாட்டிலும் ஓய்விட ஏற்பாடு ஒவ்வொரு விதம் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது பயன்படும். அமெரிக்காவில் 1960-க்குப் பின் கட்டப்பட்ட இன்டர்ஸ்டேட் எனப்படும் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளின் ஓய்விடங்களில், தானியங்கி விற்பனை இயந்திரங்களைத் தவிர வேறு வணிகத்துக்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே எரிபொருளும் உணவும் வேண்டுமென்றால், அவை கிடைக்கும் வழியைக் காட்டும் நீல நிறப் பலகையைப் பார்த்து நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். இறங்கிய இடத்திலேயே மறுபடி அதே திசையில் ஏற வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லா இறக்கங்களிலும் அது இருப்பதில்லை. ஜப்பானின் விரைவுச்சாலைகளிலோ சாலையை விட்டு வெளியேறாமலேயே, ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஒரு பெரிய சேவைப் பகுதியும், இடையிடையே சிறிய நிறுத்துமிடங்களும் கிடைக்கின்றன. சாதாரணச் சாலைகளுக்காக அங்கு 1993-இல் தொடங்கப்பட்ட ‘மிச்சி நோ எக்கி’ என்னும் சாலையோர ஓய்வு நிலையங்களில், கடைகள் மூடிய பிறகும் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு இந்த நிபந்தனை மிகவும் பிடிக்கும். வயதானவர்களோடு பயணம் செய்பவர்களுக்கு, விடியற்காலையில் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை எந்த உணவகத்தையும்விடப் பெரிது. கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களையும் பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திராமல், ஓட்டுபவரே நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

களைப்பைப் பற்றி எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஓர் ஓய்விடத்தில் கால்களை நீட்டி நடந்துகொண்டிருந்தபோது, அவர் தம் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஒரு கட்டையால் தட்டி, ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு புறங்கையைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். அப்போது மாலை வெயில்கூடத் தாழவில்லை. இன்றைக்கு இங்கேயே தங்கப்போகிறீர்களா என்று கேட்டேன். “இருட்டினா லாரி நிறுத்த இடமே கிடைக்காதுங்க. தூக்கம் வந்தப்புறம் தேடினா, இருக்கிற இடமும் கண்ணுல படாது” என்றார்.

அவர் சொன்னது ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்திருப்பவருடைய நிலைக்குக் குறைந்துவிடுகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் அசந்தால், வண்டி 110 மீட்டர் தானாகவே ஓடியிருக்கும். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் மிகக் குறைந்த நேரத்துக்கே உதவுகின்றன என்று, இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் 1990-களில் நடத்திய சோதனைகள் காட்டின. காபி குடித்து உடனே ஒரு குட்டித் தூக்கம் போடுவதே அவர்களுடைய சோதனைகளில் நன்றாகப் பலனளித்தது. காபி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆவதால், அந்த இடைவெளியே தூக்கத்துக்குப் போதுமானதாக அமைகிறது. நான் இதைப் பின்பற்றுகிறேன். அலாரம் வைத்துக்கொண்டு, எழுந்த பின் சில நிமிடங்கள் நடந்து, தலை தெளிந்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சொல்லும் அளவையே நானும் பரிந்துரைக்கிறேன்: இரண்டு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது 15 நிமிட ஓய்வு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக வாகன ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். காரோட்டிகளை அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே நேரக் கணக்கைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. ஓட்டுபவர் ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் தயங்காமல் மறுக்க வேண்டும்.

மின்சாரக் காரில் செல்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருவகையில் எளிது, சார்ஜ் ஏறும் நேரமே ஓய்வு நேரமாகிவிடுகிறது. விரைவு சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகம் வெகுவாகக் குறையும் என்பதால், ஒரே இடத்தில் முழுவதும் நிரப்பக் காத்திருப்பதைவிட இரண்டு இடங்களில் பகிர்ந்து நிரப்புவது மேல். குளிர் கடுமையாக இருந்தால் ஓடும் தூரம் குறையும் என்பதையும், சார்ஜர் பழுதாகியிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரவில் நிறுத்தும்போது, விளக்கின் கீழே, கழிப்பறை வாசலும் கடையும் கண்ணில் படும் தூரத்தில், முகப்பு வெளியேறும் வழியைப் பார்த்திருக்கும்படி வண்டியை நிறுத்துகிறேன். லாரிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் இடம் காலியாக இருந்தாலும் நிறுத்துவதில்லை. அங்கே ஒரு காரை நிறுத்தினால், ஓட்ட அனுமதிக்கப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் வந்து சேரும் ஒரு லாரி ஓட்டுநர் மறுபடியும் சாலையில் ஏற நேரும்.