காலைல ஆன் பண்ணா டைம் பின்னாடி நிக்குது, பேட்டரியா போர்டா?

பில்கவுண்டர்: வணக்கம், கடை பில்லிங்குக்கு ஒரு பழைய டெஸ்க்டாப், லினக்ஸும் விண்டோஸும் இருக்கு, நெட் கிடையாது. ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போவோம், காலைல பாத்தா ஆறேழு நிமிஷம் பின்னாடி நிக்கும், பகல்ல ஓடுறப்ப சரியாத்தான் இருக்கு. இது போதாதுன்னு விண்டோஸுக்குப் போய்ட்டு லினக்ஸுக்கு வந்தா அஞ்சரை மணி நேரம் கூடிடுது. நேத்து சாயங்காலம் 4 மணி பில்லுல ராத்திரி 9.30ன்னு அடிச்சிருக்கு, வாங்கினவர் சிரிக்கிறார். சர்வீஸ்காரர் போர்டையே மாத்தணும்ங்கிறார்.

சால்டர்மணி: போர்டுல கை வைக்காதீங்கண்ணே. மெயின் இருக்கிறவரைக்கும் எஸ்எம்பிஎஸ்ல, அதான் உள்ள இருக்கிற பவர் சப்ளைல இருந்து ஸ்டாண்ட்பை கரண்ட் வரும், ஆஃப் பண்ணதும் கடிகாரச் சிப்பு பட்டன் பேட்டரியை நம்பித்தான் ஓடணும். ஒரு ராத்திரி மெயினை ஆன்லயே விட்டுப் பாருங்க, டைம் சரியா இருந்தா பேட்டரிதான். சிஆர் 2032, 3 வோல்ட்.

பில்கவுண்டர்: விட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. மீட்டர் வெச்சா 2.5 தான் காட்டுது. கிளிப்பை நகத்தால தள்ளி புதுசு போட்டாச்சு, அந்த ஆறேழு நிமிஷம் போச்சு. அஞ்சரை மட்டும் அப்படியே இருக்கு.

டெர்மினல்தாத்தா: அது வேற கேஸ் தம்பி, நம்மூர்ல அஞ்சரைன்னாலே யுடிசி தகராறுதான், அதான் நம்ம டைமுக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கிற உலகப் பொது நேரம். விண்டோஸ் நம்ம டைமை அப்படியே சிப்புல எழுதும், லினக்ஸ் அதை யுடிசின்னு நம்பி மேல 5.30 கூட்டிக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில (செட்டிங்கெல்லாம் இருக்கிற இடம்) டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் கீழ ரியல்டைம்இஸ்யுனிவர்சல்னு ஒரு டிவேர்ட் (நம்பர் வேல்யூ) போட்டு 1 குடு. அப்புறம் லினக்ஸ்ல சரியான டைமை வெச்சுட்டு ஹெச்டபிள்யூகிளாக் கமாண்ட்ல (hwclock) சிஸ்டுஹெச்சி (--systohc) ஓட்டு, சிப்புக்கு எழுதிடும்.

அப்பவும் கொஞ்சம் நகரும், பயப்படாத. கடிகாரச் சிப்புக்குத் துடிப்பு குடுக்கிற 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து லட்சத்துல 20 பங்கு தப்பினாலே நாளைக்கு 1.7 செகண்ட், மாசத்துக்கு 50 செகண்ட் ஆயிடும். பத்து நாள் கழிச்சு மொபைல் பாத்து டைமை வெச்சு, அதே கமாண்டோட அப்டேட்-ட்ரிஃப்ட் (--update-drift) சேத்து ஓட்டு, நடுவுல விண்டோஸ்ல டைமைத் தொட்டுடாத, கணக்கு கெட்டுடும். ஈடிசி ஃபோல்டர்ல அட்ஜ்டைம் ஃபைல்ல (/etc/adjtime) முதல் நம்பர்தான் நாளைக்கு எத்தனை செகண்ட்னு. பூட் ஆகும்போது சிப்பு டைமை லினக்ஸுக்கு எடுக்கிற ஹெச்சிடுசிஸ் (--hctosys) ஓட விட்டா அதையும் சேத்துத் திருத்திக்கும். நெட் இருந்து என்டிபி (நெட்ல இருந்து டைம் வாங்கித் திருத்துறது) ஓடுற மிஷின்ல இந்தப் பாடே வேணாம், லினக்ஸோட உள்மையமான கெர்னலே 11 நிமிஷத்துக்கு ஒருதரம் சிப்புல எழுதிடும்.

பில்கவுண்டர்: தாத்தா, பத்து நாள் ஆச்சு, முதல் நம்பர் 1.9 வந்திருக்கு. பில்லுல டைம் கரெக்ட். சர்வீஸ்காரர்கிட்ட பழைய பேட்டரியைக் காட்டினேன், போர்டுப் பேச்சையே எடுக்கல, டீ சொல்லிட்டார்.